துரைசாணி கல்லிலிருந்து பதினேழு தப்படி

அந்த டிரைவர்கிட்ட சொல்லுங்கம்மா, கல்லை இப்ப இறக்க வேணாம்னு. ஒரு அரை மணி நேரம் வண்டியிலயே கிடக்கட்டும். கல்லுக்குப் பசிக்கவா போகுது? கொத்தனாரும் இன்னும் வரலை. நீங்க இப்படி நிழலுக்கு வந்து உக்காருங்க. இது கோயில் பெஞ்சுதான், ஒரு கால் ஆடும். அந்தப் பக்கம் சாயாம உக்காந்தீங்கன்னா ஒண்ணும் ஆகாது.

சலோமி டீச்சருக்குக் கோயம்புத்தூர்ல ஒரு தங்கச்சி இருக்காங்கன்னு தெரியும். போன வருசம் அடக்கத்தன்னிக்கு உங்களைப் பாத்தேன். கிட்ட வந்து பேச எனக்கு முகம் இல்லை. நான்தான் மாசிலாமணி. இந்தக் கோயில் மணியும் கல்லறைத் தோட்டமும் இருபது வருசமா என் பொறுப்பு. எனக்கு முன்னாடி எங்கப்பா இஸ்ரவேல். ஊர்ல என்னை வாய்க்கொழுப்பு பிடிச்சவன்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். இருபது வருசத்துல ஒரு குழியாவது கோணலா வெட்டியிருக்கேனா, கேட்டுப் பாருங்க.

கல்லுல என்ன வெட்டியிருக்குன்னு தார்ப்பாயைத் தூக்கிப் பாத்தேன். 'சலோமி ஆசிரியை, அவர் மகள் ஹெப்சிபா. தாயும் மகளும் இங்கே ஒன்றாய் இளைப்பாறுகிறார்கள்.' எழுத்து நல்லா வந்திருக்கு. அதைப் பத்தித்தான் உங்ககிட்டப் பேசணும். பேசறேன். ஆனா கொஞ்சம் சுத்தித்தான் வருவேன், அவசரப்படுத்தாதீங்க.

எங்க ஊர்ல கல்லறைதான் முதல்ல வந்துச்சு, கோயில் பின்னாடி வந்துச்சு. நிசமாத்தான் சொல்றேன். ஒல்சு ஐயர்னு ஒரு ஜெர்மன்காரர். அவங்க ஊர்ல அந்தப் பேரை எப்படிச் சொல்லுவாங்களோ, எங்களுக்கு ஒல்சு ஐயர்தான். லுத்தரன் மிஷன்ல அனுப்பி, தரங்கம்பாடியில கப்பலை விட்டு இறங்கி, பொஞ்சாதியோட மாட்டு வண்டியில இங்க வந்தார். அந்த அம்மாவைத்தான் துரைசாணின்னு சொல்றது. இருபத்திரண்டு வயசு. வந்த ரெண்டாவது கோடையில பேதி கண்டுச்சு. காலையில எழுந்து நடமாடுனவங்க, பொழுது சாயறதுக்குள்ள போயிட்டாங்க.

புதைக்க ஊருக்குள்ள இடம் தரலை. மாட்டுக்கறி திங்கிறவளை எங்க மண்ணுல வெக்காதேன்னுட்டாங்க. அப்ப இங்க ஞானஸ்நானம் வாங்கியிருந்தது பதினோரு குடும்பம். அவங்க ஆடு மேய்ச்ச தரிசு இது. இதைக் குடுத்தாங்க. ஐயர் தன் கையாலயே குழி வெட்டுனாராம். மிஷன்லருந்து திரும்பி வான்னு கடுதாசி மேல கடுதாசி வந்துச்சாம், போகலை. இவளை விட்டுட்டு நான் எங்க போறதுன்னாராம். அவங்க படுத்திருக்கிற இடத்தைப் பாத்த மாதிரி வாசல் வெச்சு, சுண்ணாம்பு அரைச்சு இந்தக் கோயிலைக் கட்டுனார். நூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. சுவர்ல ஒரு விரிசல் காட்டுங்க பாப்போம்.

அதனால எங்க தோட்டத்துல எல்லாமே துரைசாணி கல்லுலருந்துதான் ஆரம்பம். எங்க சனங்க கல்லு வெக்கிற வசதி உள்ளவங்க இல்லை. வேப்பம்பலகையில மரச் சிலுவை, தார் பூசி, வெள்ளை பெயிண்டுல பேரு. அது எத்தனை மழைக்கு நிக்கும்? அதுக்குத்தான் அடக்கப் புத்தகம்னு ஒண்ணு வெச்சிருக்கு. ஒருத்தரை வெச்ச உடனே, எங்கப்பா துரைசாணி கல்லுல குதிகாலை ஒட்டி வெச்சு, அங்கேருந்து மேற்கால தப்படி போட்டு எண்ணிக்கிட்டே போவார். அப்பப்ப இருக்கிற பாதிரியார், அவரையும் நாங்க ஐயர்னுதான் சொல்றது, எழுதிக்குவார். இன்னார், இன்ன வயசு, மூணாவது வரிசை, துரைசாணி கல்லிலிருந்து இத்தனை தப்படி. புத்தகம் கோயில் பீரோவுல பத்திரமா இருக்கும். செத்தவங்களைத் தொலைக்காத சபைன்னு எங்களுக்கு ஒரு பேரு.

சரி, மஞ்சக்காமாலை வந்த வருசத்துக்கு வரேன். உங்களுக்கும் தெரியும். உங்க அத்தான் பம்பாயில தவறிப்போய், டீச்சர் அந்தப் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கிட்டு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாத்தி வந்து மூணு வருசம்தான் இருக்கும். அந்தக் கோடையில மேல்நிலைத் தொட்டியில என்ன விழுந்துச்சோ, தண்ணி கெட்டுப்போச்சு. முதல்ல ரயில்வே கேட்டுல இருந்த தாவீது போனார். அவருக்கு நாதி இல்லை, சபைதான் அடக்கம் பண்ணுச்சு. அடுத்து உங்க ஹெப்சி. ஒம்பது வயசு. அதுக்கு அடுத்தது என் பொண்டாட்டி ஞானப்பூ. ஒரே வரிசை, அடுத்தடுத்து மூணு பேரு. புத்தகத்துல இருக்கு, வேணும்னா எடுத்துட்டு வரேன். ஞானப்பூ பதினஞ்சு தப்படி, ஹெப்சிபா பதினேழு, தாவீது பத்தொம்பது.

நான் அப்ப திருப்பூர்ல சாயப்பட்டறையில இருந்தேன். தந்தி மாதிரி போன் வந்துச்சு. பஸ் பிடிச்சு வந்து சேர்றதுக்குள்ள மறுநாள் காலை ஆயிடுச்சு. உடம்பு தாங்காதுன்னு முதல் நாளே அடக்கம் முடிச்சிட்டாங்க. சிலுவையைத்தான் பாத்தேன், அவளைப் பாக்கலை. ரெண்டு நாள் இருந்துட்டுத் திரும்பப் போயிட்டேன். என்ன பண்றது, வேலை.

நல்ல பொம்பளைதான். குறை சொல்ல மாட்டேன். எனக்கு இது வேணும்னு ஒரு நாள் வாயைத் திறந்து கேட்டதில்லை. ஒரு தடவை மொபெட்டுல பின்னாடி உக்காத்தி வெச்சு ஓட்டிட்டுப் போனப்ப, பள்ளத்துல வண்டி இறங்கி அவ விழுந்துட்டா. நான் ஒண்ணும் வேகமாப் போகலை. ரோடு அப்படி. தொடை எலும்பு முறிஞ்சு, தஞ்சாவூர்ல பெரிய ஆஸ்பத்திரியில உள்ளுக்குள்ள ஸ்டீல் கம்பி வெச்சுக் கட்டுனாங்க. அதுக்கப்புறம் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பா. அதையும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டுனதில்லை.

எங்கப்பா போன பிறகு நான் ஊரோட வந்து இந்தப் பொறுப்பை எடுத்தேன். எடுத்து ஒரு வருசம்தான். கொள்ளிடம் கரையை உடைச்சுக்கிட்டு வந்துச்சு. பதினோரு நாள் தண்ணி வடியலை. கோயிலுக்குள்ள பலிபீடத்துப் படி வரைக்கும் சேறு. வடிஞ்சு பாத்தா தோட்டம்னு ஒண்ணு இல்லவே இல்லைம்மா. முழங்கால் மட்டும் வண்டல் மணல், ஒரே சமமா. ஒரு மேடு பள்ளம் கிடையாது. சிலுவை அத்தனையும் மிதந்து போய் கருவேல வேலியில அடைஞ்சு கிடந்துச்சு. துரைசாணி கல்லு மட்டும் நின்னுச்சு. ஊர் சனம் மொத்தமும் வந்து அந்த மணலைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அவனவன் தாயை, தகப்பனை எங்க வெச்சோம்னு தெரியலை. பெரியவங்கள்லாம் உக்காந்து அழுதாங்க.

நான்தான் சொன்னேன், அழாதீங்க, புத்தகம் இருக்குன்னு. பீரோ மேல்தட்டுல இருந்ததால நனையலை. நாலு நாள், ஒருத்தனா, துரைசாணி கல்லுல குதிகாலை வெச்சு எண்ணி எண்ணி நட்டேன். நூத்து நாப்பத்து மூணு சிலுவை. ஒரு எண்ணிக்கை தப்பலை. அந்த ஞாயித்துக்கிழமை ஐயர் பிரசங்க பீடத்துலருந்து என் பேரைச் சொல்லி, செத்தவங்களை நமக்குத் திருப்பிக் குடுத்தவன்னார். சபை எழுந்து நின்னுச்சு. எனக்கு எழுந்து நின்ன சபை அது, தெரியுதா உங்களுக்கு?

டீச்சர் மட்டும் ஒரு வார்த்தை கேட்டாங்க. ஹெப்சி சிலுவைகிட்ட வந்து நின்னு, அப்படியும் இப்படியும் பாத்தாங்க. "மாசிலாமணி, அன்னிக்கு பிள்ளையை வெக்கிறப்ப நான் புன்னை மர நிழல்ல நின்னேன். மத்தியானம் ரெண்டு மணி. இங்க நிழல் வரலையே?"

"கிளையை வெட்டியிருப்பாங்க டீச்சர்," அப்படின்னேன்.

"வெட்டுன மாதிரி தெரியலையே."

"டீச்சர், நீங்க அழுதுகிட்டு நின்னவங்க. புத்தகம் அழாது. பதினேழு தப்படின்னு ஐயர் கையெழுத்துல இருக்கு. நான் போட்டது பதினேழு. வேணும்னா நீங்களே எண்ணுங்க."

எண்ணலை. தலையை ஆட்டிட்டு, "நீ சொன்னா சரிதான்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. டீச்சர்ல, புத்தகத்துல இருந்தா நம்பிடுவாங்க.

அதுலருந்து பதினெட்டு வருசம். ஒரு சனிக்கிழமை தவறுனதில்லை. வேலையில இருந்தப்ப பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்க வருவாங்க, ரிட்டயர் ஆன பிறகு வீட்டுலருந்து வருவாங்க. கைப்பம்புல தண்ணி அடிச்சு ரெண்டு குடம் கொண்டுபோய் ஊத்துவாங்க. சுத்தி மல்லிகைக் கொடி வெச்சாங்க. சிலுவையை வருசா வருசம் பெயிண்ட் அடிப்பாங்க. ஈஸ்டர் அன்னிக்கு விடியல்ல சபை மொத்தமும் மெழுகுவத்தி பிடிச்சுக்கிட்டு இங்கதான் பாட்டுப் பாடிட்டு வரும். எல்லாரும் ஒரு மெழுகுவத்தி ஏத்துனா, டீச்சர் ஒம்பது ஏத்துவாங்க, பிள்ளை வயசுக்கு. வெக்கிறப்ப குனிஞ்சு, கொஞ்ச நேரம் மண்ணுல கையை வெச்சிருப்பாங்க, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாக்குறாப்ல.

எனக்கு அது பிடிக்காதும்மா. மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன். செத்தவங்களுக்கு என்ன தண்ணி, என்ன பூவு? பக்கத்துலதானே ஞானப்பூ சிலுவை, நான் என்ன ஒரு சொம்பு தண்ணி ஊத்துனேனா? நாள் முழுக்க அவளோடதானே இருக்கேன், தனியா எதுக்கு? ஒரு தடவை டீச்சரே கேட்டாங்க, "ஞானப்பூவுக்கும் ரெண்டு பூவு வெக்கட்டுமா"ன்னு. வேணாம் டீச்சர், அவளுக்கு இதெல்லாம் பழக்கமில்லைன்னுட்டேன்.

போன வருசம் பிப்ரவரியிலயே டீச்சருக்கு உடம்பு தளர்ந்துடுச்சு. ஒரு சனிக்கிழமை தண்ணி ஊத்திட்டு மூச்சு வாங்கிக்கிட்டு இதே பெஞ்சுல உக்காந்தாங்க. "எனக்குத் தனிக் குழி வேணாம் மாசிலாமணி. என் பிள்ளை குழியிலயே என்னை வை. இதை மட்டும் செஞ்சு குடு"ன்னாங்க. எங்க சபையில அது வழக்கம்தான். பதினாலு வருசம் தாண்டிட்டா குடும்பக் குழியைத் திறக்கலாம். பழைய எலும்பை வெள்ளைத் துணியில கட்டி ஓரமா வெச்சிட்டு, அதுமேல பெட்டியை இறக்குவோம். செய்யறேன் டீச்சர்னு வாக்குக் குடுத்தேன். என் கையைப் பிடிச்சு கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. எழுபத்தோரு வயசுப் பொம்பளை, இந்த மண்ணு வெட்டுற கையை.

ஆகஸ்ட்டுல போயிட்டாங்க. அடக்கம் நாலு மணிக்குன்னு வெச்சாங்க. நான் காலையில ஒம்பது மணிக்கு மண்வெட்டியை எடுத்தேன். குழி நான் ஒருத்தனாத்தான் வெட்டுவேன், எனக்கு ஆள் சேர்ந்து வராது. மல்லிகைக் கொடியைப் பதமா வேரோட எடுத்து ஓரமா வெச்சேன். வண்டலைத் தாண்டி பழைய மண்ணு வந்துச்சு. பலகை மக்கிப்போய் இருந்துச்சு. சின்னப் பிள்ளையோடது, பூ மாதிரி எடுக்கணும்னு மண்வெட்டியைப் போட்டுட்டுக் கையால துழாவுனேன்.

கம்பி தட்டுப்பட்டுச்சும்மா.

எலும்போட ஒட்டி, ஒரு முழம் நீளத்துக்கு. துடைச்சுப் பாத்தேன். துருவே ஏறலை. வெயில்ல மின்னுச்சு. முதல்ல எனக்கு ஒண்ணும் ஓடலை. பிள்ளைக்கு ஏது கம்பின்னுதான் நினைச்சேன். அப்புறம் தொடை எலும்பு நீளத்தைப் பாத்தேன். அப்படியே குழிக்குள்ள உக்காந்துட்டேன். ஞானப்பூ, நீயான்னு வாய்விட்டுக் கேட்டேன். அடக்கத்தன்னிக்குப் பாக்காதவளை அன்னிக்குப் பாத்தேன்.

எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியலை. வீட்டுலருந்து ரெண்டாவது தடவையா ஆள் வந்து, குழி தயாரான்னு வெளியில நின்னு கேட்டான். எங்க ஊர்ல ஒரு சாவுக்கு மூணு தடவை மணி அடிக்கணும். உயிர் பிரிஞ்சதுக்கு ஒண்ணு, குழி தயாருன்னு ஒண்ணு, பெட்டி வீட்டை விட்டுக் கிளம்புறப்ப ஒண்ணு. ரெண்டாவது மணி விழுந்தாத்தான் வீட்டுல குளிப்பாட்டிப் பெட்டியில வெப்பாங்க. நான் எலும்பையும் கம்பியையும் வெள்ளைத் துணியில கட்டி ஓரமா வெச்சு, மேல மண்ணைத் தள்ளி மூடிட்டு, ஏறி வந்து மணி அடிக்கப் போனேன். செத்தவங்க வயசுக்கு எத்தனையோ அத்தனை அடி. எழுபத்தொண்ணு.

நாப்பதோ அம்பதோ அடிச்சிருப்பேன். கயித்துல ஒரு முடிச்சு கையில நெருடுச்சு. அது நான் போட்ட முடிச்சுதான். இந்த வேலைக்கு வந்த முதல் நாள் மணிக்கயிறு எனக்கு எட்டலை. எங்கப்பா ஆறடி ரெண்டு அங்குலம், கோயில் நிலைப்படியில தலை இடிக்காம குனிஞ்சுதான் வருவார். நான் எங்கம்மா சாடை, பாக்குறீங்கல்ல, அஞ்சடி இருந்தா அதிசயம். அன்னிக்கு முழுசா ரெண்டு முழம் கயிறு சேர்த்து முடிஞ்சேன். கயிறு எட்டலைன்னு தெரிஞ்சவனுக்குக் கால் எட்டாதுன்னு தெரியலை பாருங்க. அவர் பதினேழு எட்டுல போன தூரத்துக்கு என் கால் பத்தொம்பது எட்டு வெக்கணும். நான் பதினேழோட நின்னுட்டேன். புத்தகத்துல தப்பில்லை. எண்ணிக்கையிலயும் தப்பில்லை. இப்பவும் சொல்றேன், எண்ணிக்கையில ஒரு பிசகு கிடையாது. கால்தான் குட்டை.

கிட்டத்துல இருக்கிற குழிங்களுக்கு ஒண்ணும் பெரிசா வித்தியாசம் இல்லை. தள்ளிப் போகப் போக ஏறிக்கிட்டே போகும். மேற்கால இருக்கிற அத்தனை பேரும் ஒரு இடம் தள்ளி. சபையில பாதிப் பேர் பதினெட்டு வருசமா பக்கத்து வீட்டுச் சாவுக்கு அழுதுட்டு இருக்காங்க. மணி அடிச்சுக்கிட்டே இதெல்லாம் எனக்கு வரிசையா விளங்குது. நிறுத்தலாமா? நிறுத்துனா ஊரே என்னன்னு ஓடி வரும். எழுபத்தொண்ணும் அடிச்சு முடிச்சேன். குழி தயாருன்னு ஊருக்குச் சொல்லிட்டேன்.

நேரமில்லைம்மா. நீங்களே யோசிச்சுப் பாருங்க. பெட்டி வரப்போகுது, வெளியூர் சனம் வந்தாச்சு, பந்தல்ல நாற்காலி போட்டாச்சு. அந்த நேரத்துல போய் ஐயர்கிட்ட என்னன்னு சொல்றது? நேரமே இல்லை.

அடக்கம் நடந்துச்சு. நீங்க தலைமாட்டுல நின்னீங்க. ஐயர் ஜெபத்துல, தாயும் பிள்ளையும் இன்னைக்கு ஒண்ணாச் சேர்ந்தாங்கன்னு சொன்னப்ப நீங்க முகத்தை மூடிக்கிட்டு அழுதீங்க. எலும்பு கட்டுன வெள்ளைத் துணி எங்கேன்னு யாரோ கேட்டாங்க, ஓரமா வெச்சிட்டேன்னேன். வெச்சிருந்தேன். உள்ள இருந்தது என் பொண்டாட்டி. ஞானப்பூ மேல டீச்சரை இறக்குனேன். என்னை நம்பிக் கையை ஒத்திக்கிட்ட பொம்பளை.

அன்னிலருந்து நான் திருவிருந்துக்குப் போகலை. மனசுல இதை வெச்சுக்கிட்டு அந்த அப்பத்துக்குக் கையை நீட்ட முடியுமா? ஐயர் கேட்டார், வயித்துக்கோளாறுன்னேன். கமிட்டியில யாரோடயோ சண்டைன்னு ஊர் பேசிக்குது. சண்டை போடுறவன்னு எனக்கு ஏற்கனவே பேரு, அது வசதியாப் போச்சு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் பீடத்துல முழங்கால் போட்டு நிக்கிறப்ப நான் மட்டும் மணிக்கூண்டுல உக்காந்திருப்பேன். ஒரு வருசம் ஆச்சு.

நீங்க அழ வேணாம். இருங்க, தண்ணி கொண்டாரேன். வேணாமா? சரி.

பிள்ளை எங்க இருக்குன்னுதானே கேக்குறீங்க. தெரியும். எங்கப்பாவோட வேட்டி அளவை வெச்சு, பழைய புத்தகத்துல மத்த குழியெல்லாம் ஒப்பிட்டு, அவர் காலடி எவ்வளவுன்னு ஒரு மூங்கில் குச்சி வெட்டி வெச்சிருக்கேன். பத்து தடவை அளந்துட்டேன். அந்த ரயில்வே கேட்டுத் தாவீது சிலுவைக்கு அடியில இருக்கு. புன்னை மர நிழல் ரெண்டு மணிக்கு அங்க வருது. டீச்சர் சொன்னது சரி. அழுதுகிட்டு நின்னவங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருந்திருக்கு.

தெரிஞ்சும் ஏன் ஒரு வருசம் வாயைத் திறக்கலைன்னு கேளுங்க. கேக்கணும் நீங்க. மூணு மணி நேரம் இருந்துச்சும்மா அன்னிக்கு. ஒரு மணிக்கு மணி அடிச்சேன், நாலு மணிக்குப் பெட்டி வந்துச்சு. நேரமில்லைன்னு சொன்னேனே, பொய். பக்கத்துக் குழியை வெட்ட எனக்கு ரெண்டு மணி நேரம் போதும். டீக்கடைக்குப் போய் டீ குடிச்சிட்டு வந்து, பெட்டி கிளம்புற மணி அடிக்கிற வரைக்கும் துரைசாணி கல்லு மேல சும்மா உக்காந்திருந்தேன். சபை எழுந்து நின்னது எனக்கு. அதை எப்படி உக்கார வெக்கிறது? அது ஒண்ணு.

இன்னொண்ணு இருக்கு. அதைத்தான் சொல்ல வாய் வரலை. தாவீதுக்கு நாதி இல்லைன்னேன்ல. அவர் சிலுவைக்கு வர ஆள் கிடையாது, கேக்க ஆள் கிடையாது. தோட்டத்துல கூட்டுற சருகு, வெட்டுற முள்ளு, காஞ்ச மாலை எல்லாத்தையும் எங்கேயாவது கொட்டணுமே. அங்க கொட்டுனேன். சனிக்கிழமை சனிக்கிழமை நெருப்பு வெச்சுக் கொளுத்துவேன். டீச்சர் இந்தப் பக்கம் தண்ணி ஊத்துவாங்க, நான் ரெண்டு எட்டு தள்ளி குப்பையைக் கொளுத்துவேன். புகை வந்து அவங்க இருமுவாங்க. பதினெட்டு வருசம், உங்கக்கா என் பொண்டாட்டிக்குக் குடம் குடமா ஊத்துனாங்க. நான் அவங்க பிள்ளை மேல நெருப்பு வெச்சேன். அந்தக் கரி இன்னும் ஒரு சாண் ஆழத்துக்கு இருக்கு. இப்ப எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக் கழுவிட்டேன், ஆனா மண்ணு கறுப்பாத்தான் இருக்கு. கழுவக் கழுவப் போகலை.

எந்திரிச்சுப் போகாதீங்கம்மா. திட்டணும்னா திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஆனா அந்தக் கல்லை இன்னைக்கு நட்டுட்டா, அதுல எழுதியிருக்கிறது பொய்யாவே நின்னுடும். கல்லு மரம் மாதிரி இல்லை, அடுத்த வெள்ளத்துக்கும் போகாது.

குழியைத் திறக்க எங்க சபையில சொந்தக்காரங்க கையெழுத்து வேணும். ஐயரும் போடணும். நீங்க எழுதிக் குடுங்க, நான் இப்பவே ஐயர்கிட்டப் போறேன். வர்ற ஞாயித்துக்கிழமை சபையில நின்னு மேற்கு வரிசைக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். என்னை என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும். மணியை வேற யாராவது அடிக்கட்டும், கயிறு யாருக்கும் எட்டும். ஆனா அந்த ஒரு குழியை மட்டும் நான்தான் வெட்டணும். டீச்சருக்கு வாக்குக் குடுத்தவன் நான். பிள்ளையைக் கையாலதான் எடுத்து டீச்சரோட வெப்பேன், மண்வெட்டி படாது. நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க. அப்புறம் கொத்தனார் உங்க கல்லை நடட்டும், எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும். ஒரு எழுத்து மாத்த வேணாம்.

இல்லைம்மா, ஞானப்பூவை வேற எங்கேயும் எடுத்து வெக்க வேணாம். நீங்க சொன்னது நல்ல மனசுல சொன்னது. அவ அங்கேயே இருக்கட்டும், டீச்சரோட. மல்லிகை வேரு அவளைத்தான் சுத்திப் பிடிச்சிருந்துச்சு. பேர் போட வேணாம், அவளும் கேக்க மாட்டா.

இடம் பத்துமான்னு பாக்குறீங்களா? பத்தும். பிள்ளை வந்தா ஞானப்பூ கொஞ்சம் ஒதுங்கிக்குவா. எங்க வீட்டுல பாயிலகூட அவ சுவத்தோரமா ஒருக்களிச்சுத்தான் படுத்தா, எனக்கு இடம் பத்தாதுன்னு.